எதிர்க்காற்றுக்கு ரெண்டு செயின் சைக்கிள்

ஆடி மாசம் பல்லடத்திலிருந்து மேற்கே சைக்கிள் மிதித்தவருக்குப் பாலக்காட்டுக் கணவாய்க் காற்றைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். கியர் சைக்கிள் வாங்காமலே இதைச் சமாளிக்கலாங்க, சீட் டியூபுக்கு (சீட்டைத் தாங்கும் குழாய்) பக்கத்தில் நடுவே இரண்டு பற்சக்கரம் உள்ள ஒரு தண்டு வைத்தால் போதும்.

சாதா சைக்கிளில் முன்னால் 44 பல், பின்னால் 18 என்றால் பெடல் ஒரு சுற்றுக்குச் சக்கரம் 2.44 சுற்று, 28 இஞ்ச் டயரில் ஏறக்குறைய 5.4 மீட்டர். இப்போது 44-லிருந்து நடுத்தண்டின் 22-க்கு ஒரு செயின், அதே தண்டில் இறுகப் பற்றவைத்த 16-லிருந்து பின்னால் 18-க்கு இன்னொன்று. இரண்டு விகிதத்தையும் பெருக்குங்கள்: 2 × 0.89, அதாவது 1.78. ஒரு மிதிக்கு 3.9 மீட்டர்தான், வேகம் குறையும், ஆனால் கால் வலிக்காது.

தண்டைக் கோயமுத்தூர் லேத் பட்டறை எதிலும் பேரிங்கோடு கடைந்து வாங்கலாம். பிடிமானத்தில் நீளத் துளை வைக்கச் சொல்லுங்கள், முன்செயினை அதில் நகர்த்தி இறுக்கிய பிறகே பின்செயினை இறுக்கப் பின்சக்கரத்தை இழுக்க வேண்டும். ஃப்ரீவீல் பின்னால் ஒன்று போதும். பழைய மோட்டார் பைக் பற்சக்கரத்தை மாட்டிவிடலாம் என்று நினைக்காதீர்கள், பைக்கின் 428 செயினுக்கும் இதே 12.7 மி.மீ. கண்ணி இடைவெளிதான், ஆனால் பல் தடிமன் அதிகம், சைக்கிள் செயின் உட்காராது.