பழைய பிக்கப்புக்கு பவர் பிரேக்: ராடை அளக்காமல் மாட்டாதீர்கள்

பழைய ஜீப் பிக்கப்பைத் தேடிப் பிடித்து ஓட்டுகிற ஆசை கடலூர், புதுச்சேரிப் பிள்ளைகளிடம் நன்றாகவே பரவியிருக்கிறது. சந்தோஷம். ஆனால் பவர் பிரேக்குக்கு பூஸ்டர், அதாவது வாக்கத்தின் (காற்றை உறிஞ்சி எடுத்த வெற்றிடம்) பலத்தால் காலுக்கு உதவுகிற டப்பா, மாட்டும்போது ஆள் மாற்றி ஆள் அதே தப்புகளைத்தான் செய்கிறார்கள். நட்டை முறுக்க மறப்பது, பிரேக் லைனில் ஏர் எடுக்காமல் விடுவது எல்லாம் இரண்டு நாளில் தானாகவே தெரிந்துவிடும், அதை விடுங்கள்.

டீசல் எஞ்சினில் மேனிஃபோல்டிலிருந்து வாக்கம் எடுப்பது

பெட்ரோல் எஞ்சினில் திராட்டில் காற்றை அடைப்பதால், காற்று உள்ளே போகிற மேனிஃபோல்டில் வாக்கம் உண்டாகிறது. இந்த டீசல்களில் அந்த அடைப்பே இல்லை, அப்புறம் பூஸ்டருக்கு எங்கிருந்து வாக்கம் வரும்? பின்னால் வாக்கம் பம்ப் உள்ள ஆல்டர்னேட்டராகப் பார்த்து மாட்டுங்கள். பம்புக்கு எஞ்சின் ஆயில் போக ஒரு லைன், திரும்ப ஒரு லைன், இரண்டும் வேண்டும்.

பூஸ்டர் ராடை அளக்காமல் மாட்டுவது

இதைப் பார்த்தால் இன்றைக்கும் எனக்குக் கோபம் வருகிறது. கடலூர் ஓ.டி.யிலிருந்து (பழைய நகரம்) ஒரு பையன் வண்டி கொண்டுவந்தான். காலையில் எடுக்கும்போது ஒரு குறையும் இருக்காதாம், ரெட்டிச்சாவடி தாண்டினால் வண்டி இழுக்காது, கிருமாம்பாக்கம் வருவதற்குள் முன் சக்கரத்தில் லைனிங் கருகுகிற வாடை. ஓரமாக நிறுத்தி ஆறவிட்டால் மறுபடி ஓடும். போன பட்டறையில் டிரம்மை அழுத்திப் பிடிக்கிற ஷூவை மாற்றி, வீல் சிலிண்டர் மாற்றி, டிரம்மை லேத்தில் கொடுத்துக் கடைந்து, பையனின் காசையெல்லாம் கரைத்துவிட்டார்கள், ராடை மட்டும் யாரும் பார்க்கவில்லை.

விஷயம் இதுதான். பெடலை விட்டதும், சக்கரங்களுக்கு பிரேக் ஆயிலைத் தள்ளுகிற மாஸ்டர் சிலிண்டரின் பிஸ்டன் முழுசாகப் பின்னால் வந்தால்தான் ஆயில் டேங்குக்குத் திரும்புகிற சின்னத் துளை திறக்கும். அந்த பிஸ்டனைத் தள்ளுகிற பூஸ்டரின் ராடு கொஞ்சம் நீளமாக இருந்தாலும் பிஸ்டனை முன்னாலேயே தள்ளி நிறுத்திவிடும், துளை மூடியே கிடக்கும். ஓட ஓட ஆயில் சூடாகி விரியும், திரும்ப வழியில்லாமல் ஷூவை அழுத்தும், அதனால் இன்னும் சூடு ஏறும். டாட் 3 ரக பிரேக் ஆயில் புதுசாக இருக்கும்போதே 205 டிகிரியில் கொதித்துவிடலாம், ஈரம் இழுத்துவிட்டால் 140 டிகிரியே போதும், நம் கடலோரக் காற்றில் ஈரத்துக்கா பஞ்சம்? ஆயில் கொதித்தால் பெடல் தரை வரை போகும், வண்டி நிற்காது.

வண்டி சூடாகிச் சக்கரம் பிடிக்கும்போதே ஜாக்கி வைத்து, மாஸ்டர் சிலிண்டரின் இரண்டு நட்டையும் தளர்த்தி அதைக் கொஞ்சம் முன்னால் இழுங்கள். அந்தப் பையன் வண்டியில் அப்படிச் செய்ததும் பிடித்துக்கொண்டிருந்த சக்கரம் ஒரு விரலால் சுற்றியது. அப்படிச் சுற்றினால் கோளாறு ராடில்தான், ஷூவில் இல்லை.

மாட்டும்போதே ராடு முனையில் பிள்ளைகள் விளையாடுகிற களிமண்ணை ஒரு உருண்டை ஒட்டி, மாஸ்டர் சிலிண்டரை வைத்து முறுக்கிக் கழற்றிப் பாருங்கள். களிமண் அரை மில்லிமீட்டர் கனத்துக்கு மிஞ்சியிருந்தால் சரி. முழுக்க நசுங்கியிருந்தால் ராடு முனையின் ஸ்க்ரூவை உள்ளே திருகிக் குறையுங்கள். களிமண் ரொம்பத் தடிப்பாக மிஞ்சினால் பெடல் வெறுமனே இறங்கும், அதுவும் ஆகாது.

பெடலை மாற்றாமல் விடுவது

பூஸ்டர் இல்லாத வண்டியில் பெடல் விகிதம் (காலின் அழுத்தத்தைப் பெடல் எத்தனை மடங்காக்குகிறது என்பது) 6க்கு 1 அளவில் இருக்கும், பூஸ்டருக்கு 4க்கு 1 போதும். பழைய பெடலையே வைத்தால் காலை லேசாக வைத்ததும் சக்கரம் பூட்டிக்கொள்ளும், மழையில் காலி பிக்கப்பின் பின்பக்கம் வழுக்கிச் சுற்றும்.

ஒற்றை மாஸ்டர் சிலிண்டர்

ஒரு டியூப் வெடித்தால் நாலு சக்கரத்திலும் பிரேக் போச்சு. தனித்தனியாக இரண்டு ஆயில் லைன் உள்ள இரட்டை சர்க்யூட் போடுங்கள்.

வாக்கத்துக்கு பெட்ரோல் டியூப்

வாக்கம் உறிஞ்சியதும் டியூப் உள்ளே ஒட்டிக்கொள்ளும். வேண்டாம்.

சோதிக்காமல் ரோட்டுக்கு எடுப்பது

எஞ்சினை அணைத்து, பெடல் கெட்டியாகும் வரை மிதித்து, காலை எடுக்காமல் ஸ்டார்ட் செய்யுங்கள். பெடல் கொஞ்சம் இறங்க வேண்டும். இறங்காவிட்டால் வண்டியை ஷெட்டிலேயே விட்டு வாக்கம் லைனை முதலிலிருந்து பாருங்கள்.