பனிக்காலத்தில் மீள்சுழற்சித் தரம்பிரிப்பு இயந்திரங்களைப் பராமரித்தல்: புதிதாகப் பணியில் சேர்ந்தவர்களுக்கான செய்முறை விளக்கம்

கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில், வீடுகளிலிருந்து வரும் காகிதம், அட்டை, பிளாஸ்டிக், தகரம், அலுமினியம் ஆகியவற்றைப் பிரித்தெடுக்கும் நிலையங்கள் கடும் குளிரிலும் இயங்க வேண்டியிருக்கிறது. வீடுகளின் மீள்சுழற்சிப் பொருட்களைச் சேகரிக்க 1981இல் கிச்சனர் நகரில் சோதனை முயற்சியாகத் தொடங்கிய நீலப்பெட்டித் திட்டத்தின் மூடியற்ற பெட்டிகள் இன்றும் பல ஊர்களில் வீதியோரம் வைக்கப்படுகின்றன. சேகரிப்பு வண்டி வருவதற்குள் அவற்றில் விழுந்த பனி முழுவதும் பொருட்களோடு சேர்ந்து நிலையத்துக்குள் வந்துவிடுகிறது. பராமரிப்புப் பணியில் நான் கண்டவரையில், குளிர்காலத்தில் இயந்திரங்கள் நின்றுபோவதற்குக் குளிரைவிட இந்த நீரே பெரிய காரணம். பொருட்களை நகர்த்திச் செல்லும் கன்வேயரின் பெல்ட் உலர்ந்திருந்தால் உறைநிலைக்குக் கீழே 15 பாகையிலும் ஓடும். பகலில் உருகி இரவில் உறையும் ஒரு வாளி நீர் அதே பெல்ட்டை நிறுத்திவிடும். ஆகவே கீழே வரும் ஒவ்வொரு வேலையையும், நீர் எங்கே சேர்கிறது, எங்கே உறைகிறது என்ற கேள்வியை மனத்தில் வைத்துக்கொண்டு செய்யுங்கள்.

முதலில், மின்சாரத்தைத் துண்டித்துப் பூட்டுங்கள்

பனிக்கட்டி இறுகிய உருளையைக் கண்டதும் கையில் கிடைத்த கம்பியால் தட்டிவிடத் தோன்றும். பெல்ட் இழுவிசையோடு சிக்கி நிற்கும்போது, பனி உடைந்த கணத்தில் அது தானாகவே நகரும். எனவே மின்சுவிட்சைத் துண்டித்து, உங்கள் சொந்தப் பூட்டைப் போட்டு, அழுத்தக் காற்றை வெளியேற்றி, ஹைட்ராலிக் அழுத்தத்தை இறக்கி, தொங்கும் பாகங்களுக்கு முட்டுக்கொடுத்த பிறகே கை வையுங்கள். சுத்தம் செய்வதற்கும் எண்ணெய் இடுவதற்கும் முன்னர் இயந்திரம் நிறுத்தப்பட்டு, அசையாதபடி தடுக்கப்பட்டிருக்க வேண்டும் என்பது ஒன்ராறியோவின் தொழிலக ஒழுங்குவிதி 851 கூறும் கட்டாயமுமாகும். நேரமில்லை என்று எவர் அவசரப்படுத்தினாலும் இந்தப் படியைத் தாண்டாதீர்கள்.

படி 1: இறக்குதளத்திலேயே பனியைக் குறையுங்கள்

வண்டிகள் பொருட்களைக் கொட்டும் தளத்தில் செய்யும் வேலை மற்ற எல்லாப் படிகளையும் இலகுவாக்கும். முந்தைய நாள் வந்த குவியலை முதலில் ஊட்டுங்கள், ஏனெனில் உள்ளே ஓர் இரவு இருந்ததால் அதன் பனி ஓரளவு உருகி வடிந்திருக்கும். உறைந்து பாறைபோல் இறுகிய காகிதக் கட்டிகளை, குவியலை அள்ளும் லோடர் வண்டியின் ஓட்டுநர் தனியே ஒதுக்கி, உடைத்து, இளகவிட வேண்டும். அப்படியே ஊட்டினால் அவை, சுழலும் வட்டுகளால் அட்டையை மேலே ஏற்றிப் பிரிக்கும் வட்டுச் சல்லடையின் தண்டுகளுக்கிடையே சிக்கும், அல்லது அட்டையோடு அட்டையாக மேலே ஏறிப் போய்விடும். வடிகால் வாய்களைத் தினமும் திறந்து பாருங்கள். பெரிய கதவுகளை வண்டி வந்து போகும் நேரத்துக்கு மட்டும் திறந்து வையுங்கள்.

லோடரைப் பற்றியும் ஒரு சொல். டீசல் புகையைச் சுத்திகரிக்கப் பயன்படும் யூரியா திரவம் −11 பாகையில் உறைந்துவிடும் என்பதால், அதன் கலன்களை வெளியே அடுக்கி வைக்காதீர்கள்.

படி 2: கன்வேயர்களை வெறுமையாக ஓட்டித் தொடங்குங்கள்

காலையில் பொருளை ஏற்றுவதற்கு முன், ஒவ்வொரு கன்வேயரின் அடிப்பக்கத்தையும் கைவிளக்கோடு நடந்து பாருங்கள். பெல்ட் திரும்பி வரும் கீழ்ப்பக்க உருளைகளிலும் கடைசிப் புல்லியிலும்தான் ஈரச்சேறு ஒட்டி உறைகிறது. ஒரு பக்கத்தில் மட்டும் பனி படிந்தால் அந்தப் பக்கத்தில் உருளையின் விட்டம் கூடி, பெல்ட் நடுவிலிருந்து விலகும்.

என் முதல் குளிர்காலத்தில் ஒரு திங்கட்கிழமை காலை இந்தச் சுற்றை நான் தவிர்த்துவிட்டேன். வார இறுதி முழுவதும் நின்றிருந்த பெல்ட் தொடங்கிய சில நிமிடங்களில் ஓரத்துக்கு ஒதுங்கி, சட்டத்தில் உரசி, கையளவு அகலத்துக்குக் கிழிந்தது. அந்தக் கிழிசலைச் சரிசெய்ய ஒரு பணிமுறை முழுவதும் போயிற்று. பார்த்திருந்தால் பத்து நிமிட வேலை.

உருளைகள் சுத்தமாக இருப்பதை உறுதி செய்து, பூட்டை எடுத்து, எல்லாரும் விலகியிருப்பதைப் பார்த்த பின், மோட்டாரை ஓரிரு விநாடிகள் மட்டும் இயக்கி நிறுத்துங்கள். பெல்ட் தடையின்றி நகர்ந்தால் மெதுவான வேகத்தில் வெறுமையாக ஓடவிடுங்கள். குளிரில் விறைத்த ரப்பர் புல்லியின் வளைவில் சரியாகப் படியச் சிறிது நேரம் வேண்டும். பெல்ட் வழுக்கினால் உடனே இழுவிசையைக் கூட்டிவிடாதீர்கள். வழுக்குவதற்குக் காரணம் பெரும்பாலும் ஓட்டும் புல்லியின் மேலுள்ள பனிப்படலமே. இறுக்கிவிட்டால் காரணம் அங்கேயே இருக்க, பேரிங்குகளும் பெல்ட் இணைப்பும் மட்டும் கூடுதல் சுமையைத் தாங்க வேண்டியிருக்கும். பனியை அகற்ற பிளாஸ்டிக் அல்லது மரச் சுரண்டி போதும். சுடுநீர் ஊற்றினால் அது இன்னோர் இடத்தில் போய் உறையும், உப்புத் தூவினால் எஃகும் பேரிங்கும் அரிபடும், காகிதத்தூசி நிறைந்த இடத்தில் நெருப்புச்சுடரை நினைக்கவே கூடாது.

இந்தக் காலை வேலையில் பாதியை முந்தைய மாலையே முடித்துவிடலாம். பொருள் ஊட்டுவது நின்ற பிறகும் கன்வேயர்களைத் தொடர்ந்து ஓடவிட்டு, பெல்ட் முற்றிலும் வெறுமையாகி, மேற்பரப்பு உலர்ந்த பின் நிறுத்துங்கள்.

படி 3: அழுத்தக் காற்றை உலர்த்துங்கள்

புதியவர்கள் அதிகம் தவறவிடுவது இந்தப் படியைத்தான், ஆகவே சற்று விரிவாகவே சொல்கிறேன். ஒளியியல் தரம்பிரிப்பான், பெல்ட்டில் ஓடும் பிளாஸ்டிக்கை அகச்சிவப்பு ஒளியால் இனங்கண்டு, வரிசையாக உள்ள நுண்ணிய வால்வுகள் வழியே காற்றைப் பீய்ச்சி, வேண்டிய பொருளைத் தனியே தள்ளுகிறது. அந்த வால்வுகள் மில்லிவிநாடிக் கணக்கில் திறந்து மூட வேண்டியவை. அவற்றுக்குள் சிறிது நீர் சென்று உறைந்தாலே வால்வு திறந்தபடியோ மூடியபடியோ நின்றுவிடும். திரையில் எல்லாம் சரியாகவே தெரியும், பிரிந்து வரும் பொருள் மட்டும் கலப்படமாக வரும்.

காற்றில் நீர் எங்கிருந்து வருகிறது? கம்பிரசர் காற்றை அழுத்தும்போது அதிலிருந்த நீராவியும் சிறு கனவளவுக்குள் நெருக்கப்படுகிறது. அந்தக் காற்று குளிரும்போது ஒரு குறிப்பிட்ட வெப்பநிலையில் நீர் பிரிந்து சொட்டத் தொடங்கும், அதற்குப் பனிபடுநிலை என்று பெயர். பரவலாகப் பயன்படும் குளிரூட்டி வகை உலர்த்தி இந்தப் பனிபடுநிலையை ஏறத்தாழ +3 பாகைக்குக் கொண்டுவரும். கட்டடத்துக்குள் எல்லா இடமும் 10 பாகையில் இருந்தால் அது போதும். ஆனால் காற்றுக் குழாய் வெப்பமூட்டப்படாத சுவரோரமாகவோ, கதவருகிலோ, வெளியிலோ சென்றால், அந்த இடத்தில் மிச்ச ஈரம் நீராகி உறையும். இத்தகைய நிலையத்துக்கு −40 பாகை வரை பனிபடுநிலையைத் தாழ்த்தக்கூடிய ஈரமுறிஞ்சி வகை உலர்த்தியே பொருத்தம். அதற்கு உடனே வழியில்லையென்றால், குளிரும் பகுதியிலுள்ள குழாயை உள்ளே மாற்றுங்கள், அல்லது வெப்பக் கேபிள் சுற்றிக் காப்புறை போடுங்கள்.

தினசரி வேலை எளிது. காற்றுத் தொட்டியின் அடிவால்வையும் குழாய்களின் தாழ்ந்த முனைகளில் உள்ள வடிவால்வுகளையும் பணி தொடங்கும் முன் திறந்து பாருங்கள். தானியங்கி வடிவால்வு இருந்தாலும் கையால் ஒருமுறை திறந்து பார்ப்பது அவசியம், ஏனெனில் அதன் வாயே உறைந்து அடைபட்டிருக்கலாம். உலர்த்திக்குப் பிந்தைய முனையில் நீர் வந்தால் உலர்த்தி வேலை செய்யவில்லை என்று பொருள். உறைவதைத் தடுக்கச் சிலர் குழாயில் மெதனோல் ஊற்றுவார்கள். அது வால்வுகளின் ரப்பர் வளையங்களையும், வடிகட்டியின் பாலிகார்பனேட் கிண்ணத்தையும் சேதப்படுத்தக்கூடும் என்பதால் நான் அதை ஒருபோதும் பரிந்துரைப்பதில்லை.

தரம்பிரிப்பானின் கண்களையும் கவனியுங்கள். நீர் அகச்சிவப்பு ஒளியை வலுவாக உறிஞ்சுவதால், பனியோ நீர்ப்படலமோ பூசிய போத்தலின் பிளாஸ்டிக் வகையை இயந்திரம் தவறவிடும். குளிர்ந்த கண்ணாடிச் சாளரத்தில் ஈரம் படிந்தாலும் இதே கோளாறுதான். சாளரத்தைப் பஞ்சுநூல் உதிராத உலர்ந்த துணியால் துடைத்து, விளக்குகள் முழுமையாகச் சூடேறும்வரை காத்திருந்து, அதன் பிறகே வெள்ளை நிற ஓடு ஒன்றை வைத்து அளவைச் சரிபார்ப்பைச் செய்யுங்கள். குளிர்ந்த விளக்கில் செய்த சரிபார்ப்பு ஒரு மணி நேரத்தில் பொய்த்துவிடும்.

படி 4: பேலரின் எண்ணெயை முதலில் இளகச் செய்யுங்கள்

பிரித்த பொருளைக் கட்டாக அழுத்தும் பேலர் ஹைட்ராலிக் எண்ணெயால் இயங்குகிறது. பீப்பாயில் 46 என்ற எண் இருந்தால், 40 பாகையில் அதன் பிசுக்குமை 46 சென்டிஸ்டோக்ஸ் என்று பொருள். சாதாரணக் கனிம எண்ணெயாயின், பூச்சியப் பாகையில் அது பத்து மடங்குக்கும் மேல் தடிக்கும். தேன்போல் இறுகிய எண்ணெயை உறிஞ்ச முடியாமல் பம்பு தவிக்கும்போது, சரளைக்கற்களை அரைப்பது போன்ற ஓசை கேட்கும். அந்த ஓசை கேட்டால் உடனே நிறுத்துங்கள், ஏனெனில் பம்பின் உட்பரப்பு அப்போதே அரிபடத் தொடங்கியிருக்கும்.

எண்ணெய்த் தொட்டியின் சூடாக்கி இரவு முழுவதும் வேலை செய்ததா என்பதை வெப்பமானியில் பாருங்கள். பிறகு பம்பைச் சுமையின்றி ஓடவிட்டு, அழுத்துதட்டை வெறுமையாக முன்னும் பின்னும் சிலமுறை நகர்த்தி, சிலிண்டர்களில் உள்ள குளிர்ந்த எண்ணெயையும் தொட்டிக்குத் திருப்புங்கள். தயாரிப்பாளரின் கையேடு குறிப்பிடும் வெப்பநிலையை எட்டிய பின்னரே பொருளை ஏற்றுங்கள். எண்ணெய் பால்போல் வெளிறித் தெரிந்தால் அதில் நீர் கலந்திருக்கிறது, அதை மாற்றியே ஆக வேண்டும். குளிர்காலத்துக்கு 32 வகை எண்ணெயோ, செயற்கை எண்ணெயோ பொருந்துமா என்பதையும் கையேட்டைப் பார்த்தே முடிவு செய்யுங்கள்.

கியர்பாக்ஸ்களுக்கும் இதே விதிதான். கிரீஸைப் பொறுத்தவரை, தானியங்கி முறையில் நீண்ட குழாய் வழியே செல்வது குளிரில் நகராமல் நின்றுவிடும் என்பதால், பலரும் குளிர்காலத்தில் 2ஆம் தரத்திலிருந்து இளகிய 1ஆம் தரத்துக்கு மாறுகிறார்கள்.

படி 5: பாதுகாப்புச் சாதனங்களைச் சோதியுங்கள்

கன்வேயர் ஓரமாக ஓடும் அவசர நிறுத்தக் கயிறு உறைந்திருந்தால், இழுத்தாலும் சுவிட்சு இயங்காது. ஒவ்வொரு கயிற்றையும் பணி தொடங்கும் முன் இழுத்து, கன்வேயர் நிற்கிறதா என்று பாருங்கள். குளிர்காலத்தில் இதை வாரம் ஒருமுறை செய்வது போதாது, தினமும் செய்யுங்கள். ஒளி சென்சர்களின் முகத்தைத் துடையுங்கள். மின்பெட்டிகளுக்குள் இருக்கும் சிறிய சூடாக்கிகள் இயங்குகின்றனவா என்பதையும் கவனியுங்கள், இல்லையேல் வெப்பம் ஏறும் காலை நேரத்தில் உள்ளே நீர் வியர்க்கும்.

தீயணைப்புத் தெளிப்பான்களின் குழாயில் எப்போதும் நீர் நிற்கும் அமைப்பாயின், அந்தப் பகுதி 4 பாகைக்குக் கீழே போகக்கூடாது. குப்பையோடு தவறி வரும் லித்தியம் மின்கலங்களால் தீ மூள்வது உண்டு. அந்த வேளையில் குழாய் உறைந்து கிடந்தால் என்னாகும் என்பதை எண்ணிப் பாருங்கள். கதவுகளை மூடி வைக்கும்போது லோடர், ஃபோர்க்லிஃப்ட் ஆகியவற்றின் புகை உள்ளேயே தங்கும், ஆகவே கார்பன் மொனொக்சைட்டு அளவியைச் சரிபார்த்து, காற்றோட்டத்தை உறுதி செய்யுங்கள்.

மாறும் காந்தப்புலத்தால் அலுமினியத்தைத் தள்ளி எறிந்து பிரிக்கும் சுழல்மின்னோட்டப் பிரிப்பானில் அலுமினியம் குறைவாகப் பிரிந்தால் இயந்திரத்தைக் கழற்ற அவசரப்படாதீர்கள். உள்ளே பானம் உறைந்த கேன் கனமாக இருப்பதால் குறைந்த தூரமே பாயும், பிரிப்புத் தகட்டைச் சிறிது அருகே நகர்த்திப் பாருங்கள்.

மார்ச் மாதத்தில் பனி உருகத் தொடங்கியதும் பலர் இந்தச் சுற்றுகளை நிறுத்திவிடுகிறார்கள். வண்டிச் சக்கரங்களோடு வந்த வீதி உப்பு முழுவதும் அப்போதுதான் கரைந்து கீழ்ப்பக்க உருளைகளின் பேரிங்குகளுக்குள் இறங்குகிறது. ஆகவே அந்த மாதம் முடிவதற்குள் கன்வேயர்களின் அடிச்சட்டத்தைக் கழுவி உலர்த்தி, பேரிங்குகளில் பழைய கிரீஸ் வெளியேறும்வரை புதியதை ஏற்றி, கையால் சுழற்றும்போது கரகரக்கும் உருளைகளை மாற்றிவிடுங்கள்.