ஸ்னப்பர் போட்டும் ரிங்கிங் ஏன் அடங்கவில்லை?

எஸ்.எம்.பி.எஸ். எனும் ஸ்விட்சிங் மின்வழங்கியின் ஃப்ளைபேக் வகைச் சுற்றில், சுவிட்சாக வேலை செய்யும் மாஸ்ஃபெட் அணையும்போது, டிரான்ஸ்ஃபார்மரின் கசிவுத் தூண்டலில் தேங்கிய ஆற்றல் செகண்டரிக்கு, அதாவது வெளியீட்டுச் சுருளுக்கு, போக வழியில்லை. அது மாஸ்ஃபெட்டின் உள் மின்தேக்கத்தோடு சேர்ந்து துள்ளுகிறது. இந்தத் துள்ளல்தான் ரிங்கிங். அதை அடக்க, மின்தடையையும் மின்தேக்கியையும் தொடரில் போடுவதுதான் ஆர்.சி. ஸ்னப்பர். 230 வோல்ட்டைத் திருத்தினால் உச்சம் 325. செகண்டரியிலிருந்து எதிரொளிப்பது 100 வோல்ட் என்று வைத்துக்கொள்வோம். இவற்றின் மேல் அந்தத் துள்ளலும் ஏறினால் 600 வோல்ட் மாஸ்ஃபெட் எத்தனை நாள் தாங்கும்?

முதல் தவறு அளப்பதிலேயே நடக்கிறது. ஆஸிலோஸ்கோப் புரோப்பின் நீண்ட கிரவுண்ட் கம்பியே ஒரு தூண்டல். இல்லாத ரிங்கிங்கையும் திரையில் காட்டும். அதை அடக்குவதற்கு நானே ஒருமுறை இரண்டு நாள் மெனக்கெட்டேன். புரோப் முனையில் குட்டி ஸ்பிரிங்கை மாட்டியதும் பாதி காணாமல் போனது. மெயின்ஸ் மின்சாரத்தோடு இணைந்த பிரைமரி பக்கம் கிரவுண்ட் கிளிப்பை நேராக மாட்டவே கூடாது. இரு புள்ளிகளுக்கிடையிலான வேறுபாட்டை அளக்கும் டிஃபரன்ஷியல் புரோப் வேண்டும்.

அடுத்தது, வேறொரு சுற்றின் ஸ்னப்பர் மதிப்புகளை அப்படியே போடுவது. கணக்கு ஒன்றும் கடினமில்லை. ரிங்கிங் 5 மெகாஹெர்ட்ஸ் என்று வைத்துக்கொள்வோம். அது 2.5 ஆகக் குறையும் வரை மின்தேக்கியைக் கூட்டுங்கள். 300 பிக்கோஃபாரடில் பாதியானால், சுற்றில் ஏற்கெனவே இருந்தது அதில் மூன்றில் ஒரு பங்கு, 100 பிக்கோஃபாரட். அதிலிருந்து தூண்டல் சுமார் 10 மைக்ரோஹென்றி. தூண்டலை மின்தேக்கத்தால் வகுத்து வர்க்கமூலம் எடுத்தால் ஏறக்குறைய 320 ஓம். கடையில் கிடைப்பது 330. அதை அந்த 300 பிக்கோஃபாரடுடன் தொடரில் போடுங்கள். மின்தடை கம்பி சுற்றிய வகையாக இருக்கக் கூடாது. அதுவே இன்னொரு தூண்டல்.

அடங்கவில்லையே என்று மின்தேக்கியை ஏற்றிக்கொண்டே போவதுதான் பெரிய தவறு. 1 நானோஃபாரட், 400 வோல்ட், 100 கிலோஹெர்ட்ஸ் என்றால் 16 வாட் வெறும் சூடாகப் போகும். அதே மின்தேக்கி செகண்டரி டையோடின் மேல், 40 வோல்ட்டில், 0.16 வாட்தான் தின்னும். ஆகவே ஆர்.சி. ஸ்னப்பருக்குச் செகண்டரியே பொருத்தமான இடம், பிரைமரிக்கு மின்தடை, மின்தேக்கி, டையோடு சேர்ந்து உச்சத்தை வெட்டும் ஆர்.சி.டி. கிளாம்ப். கிளாம்ப் அழுத்தத்தை எதிரொளிக்கும் 100 வோல்ட்டுக்கு ஒட்டி வைத்தால், செகண்டரிக்குப் போக வேண்டிய ஆற்றலையும் மின்தடை விழுங்கிவிடும். 150 வோல்ட் அளவில் வையுங்கள்.

கசிவையே குறைக்கப் பிரைமரியை இரண்டாகப் பிரித்து, நடுவே செகண்டரியைச் சுற்றலாம். ஆனால் சுருள்களுக்கிடையே மின்தேக்கம் கூடி, இரைச்சல் வெளியீட்டுக்குத் தாவும். அங்கே அந்த இரைச்சலைத் தடுக்கும் ஒரு ஷீல்ட் சுருள் தேவைப்படும்.