தேர்வு அறைக்குள் பதற்றம் வந்தால் என்ன செய்வது: படிப்படியாக

கேள்வித்தாளைப் புரட்டியதும் படித்தது எல்லாம் மறந்துபோன மாதிரி இருக்கிறதா? மறக்கவில்லை. பயத்தில் அட்ரினலின் சுரந்து நெஞ்சு படபடக்கிறது, ‘கோட்டை விட்டுவிட்டால் என்ன ஆகும்’ என்ற நினைப்பே மனதை அடைத்துக்கொள்கிறது, விடையை யோசிக்க இடமில்லாமல் போகிறது, அவ்வளவுதான். அந்த நேரத்தில் கைக்கு ஒரு வேலை வேண்டும். அது என்ன வேலை என்று முன்கூட்டியே முடிவு செய்துவைப்பதற்குத்தான் இந்தப் படிகள்.

1. முதல் நாள் இரவு

ஹால் டிக்கெட், அடையாள அட்டை, எழுதிப் பழகிய இரண்டு பேனா, பென்சில், ரப்பர் எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டுவிட்டுத் தூங்கப் போங்கள். விடிய விடிய படிக்க வேண்டாம், படித்தது மனதில் நன்றாகப் பதிவதற்குத் தூக்கம் தேவை.

2. உள்ளே போகும் முன்

ஒரு தாளை எடுத்து, என்ன பயமோ அதை அப்படியே 10 நிமிடம் எழுதித் தள்ளுங்கள். 2011-ல் ‘சயின்ஸ்’ இதழில் வந்த ஓர் ஆய்வில், தேர்வுக்குச் சற்று முன் இப்படி எழுதிய பதற்றக்கார மாணவர்கள் நல்ல மதிப்பெண் எடுத்திருக்கிறார்கள். அப்புறம், வாசலில் நின்று “அந்தப் பாடம் படிச்சியா?” என்று கேட்பவர்களிடமிருந்து தள்ளியே இருங்கள்.

3. தாள் கைக்கு வந்ததும்

4 எண்ணி மூச்சை இழுத்து, 6 எண்ணி மெதுவாக விடுங்கள். ஐந்தாறு முறை போதும். வெளியே விடும் மூச்சு நீளும்போது இதயத்துடிப்பு தணியும்.

4. நேரக் கணக்கு

இதுதான் ரொம்ப முக்கியம், பதற்றத்தில் பாதி, ‘நேரம் போதாதோ’ என்ற பயம்தான். 3 மணி நேரம், 100 மதிப்பெண் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 180 நிமிடம். கேள்விகளைப் படிக்க 10, கடைசியில் சரிபார்க்க 20 ஒதுக்கினால் மிச்சம் 150, அதாவது ஒரு மதிப்பெண்ணுக்கு ஒன்றரை நிமிடம். 2 மதிப்பெண் கேள்விக்கு 3 நிமிடம், 10 மதிப்பெண் கேள்விக்கு 15 நிமிடம். தேர்வு 10 மணிக்குத் தொடங்கி, மூன்று பகுதிகளுக்கும் முறையே 20, 30, 50 மதிப்பெண் என்றால், முதல் பகுதியை 10:40-க்கும் இரண்டாவதை 11:25-க்கும் மூன்றாவதை 12:40-க்கும் முடிக்க வேண்டும். தாளில் எழுத அனுமதி உண்டென்றால் இந்த நேரங்களை அந்தந்தப் பகுதியின் ஓரத்திலேயே குறித்துவிடுங்கள், அதன்பின் கடிகாரத்தைப் பார்த்தால் எங்கே நிற்கிறோம் என்று உடனே தெரியும், மனக்கணக்குப் போட வேண்டாம்.

5. நடுவில் ஒரு கேள்வி ஓடவில்லை என்றால்

முட்டிக்கொண்டிருக்காதீர்கள். கேள்வி எண்ணைப் போட்டு இடம் விட்டுவிட்டு, தெரிந்த கேள்விக்குப் போங்கள். வேறொன்றை எழுதும்போது விட்டது தானாக ஞாபகம் வருவதுண்டு. விடைக்கு வட்டம் நிரப்பும் தேர்வு என்றால் ஒரு கேள்வியைத் தாண்டியதும் எண் சரியாக இருக்கிறதா என்று பாருங்கள், ஒரு வரிசை மாறினால் அடுத்தடுத்து எல்லாமே தப்பாகிவிடும். ஒன்றுமே ஓடாமல் உறைந்துபோனால் பேனாவைக் கீழே வையுங்கள், பாதங்களைத் தரையில் அழுத்தி, மூன்றாம் படியில் சொன்ன மூச்சுக்குத் திரும்புங்கள்.

6. கடைசி 20 நிமிடம்

கேள்வி எண், அலகுகள், கூடுதல் தாள்கள், விட்டுப்போன கேள்விகள், இந்த வரிசையில் பாருங்கள். முதலில் எழுதியதை மாற்றவே கூடாது என்பார்கள், அதை நம்ப வேண்டாம். தப்பு என்பதற்குத் தெளிவான காரணம் தெரிந்தால் மாற்றுங்கள், வெறும் பயம் என்றால் விட்டுவிடுங்கள்.