பழைய அமெரிக்க டைனர்: இனம் காண்பதும் காப்பாற்றுவதும்

அசல் டைனர் தொழிற்சாலையில் கட்டப்பட்டு, ரயிலிலோ லாரியிலோ ஏறி வந்து இறங்கிய சாப்பாட்டுக் கடை. 1872-ல் ராட் ஐலண்டின் பிராவிடன்ஸ் நகரில் வால்டர் ஸ்காட் குதிரை வண்டியில் இரவுச் சாப்பாடு விற்றதிலிருந்து வளர்ந்த தொழில் இது. பழைய டைனர்கள் ஒடுங்கி நீண்டிருப்பதற்குக் காரணமும் அதுதான்: சாலையில் இழுத்துப்போக முடிகிற அகலத்துக்கு மேல் கட்ட முடியாது.

பார்க்கப் போகிறவர்கள் முதலில் எந்தக் கம்பெனி கட்டியது என்று கண்டுபிடிக்க வேண்டும். உள்ளே கதவை ஒட்டிய பகுதியில் சின்ன உலோகத் தகடு இருக்கிறதா என்று தேடுங்கள். நியூ ஜெர்சியின் சில்க் சிட்டி டைனர் என்றால் தகட்டிலுள்ள எண்ணிலேயே ஆண்டு இருக்கும். 46 என்று தொடங்கினால் 1946. மாசசூசெட்ஸின் வூஸ்டர் லஞ்ச் கார் கம்பெனி தன் வண்டிகளுக்கு வரிசை எண் கொடுத்தது. தகடு போய்விட்டிருந்தால் வெளித்தோலைப் பாருங்கள். எழுத்துகள் எனாமல் என்ற கண்ணாடிப் பூச்சோடு சேர்த்தே சுடப்பட்டிருந்தால் வூஸ்டர் என்று சந்தேகிக்கலாம். ரயில் எஞ்சின் மூக்குபோல முகப்பு சரிந்திருந்தால் அது ஸ்டெர்லிங் ஸ்ட்ரீம்லைனர் என்ற மாடல். ராட் ஐலண்டின் பாட்டக்கெட் நகரிலுள்ள மாடர்ன் டைனர் அந்த வகை. வரலாற்று இடங்களின் தேசியப் பதிவேட்டில் 1978-ல் ஏறிய முதல் டைனர் அதுதான்.

வெளியே செங்கல்லும் ஓட்டுக்கூரையும் தெரிகிறதே என்று திரும்பிவிடாதீர்கள். பின்னாளில் பல டைனர்களை அப்படி மூடிவிட்டார்கள். உள்ளே போய் மேலே பாருங்கள். கூரை பீப்பாய்போல வளைந்திருந்தால், பழைய வண்டி உள்ளே பத்திரமாக இருக்க வாய்ப்புண்டு. சமையலறைப் பக்கச் சுவரை மூடாமல் விட்டிருப்பார்கள். அங்கே அசல் வெளித்தகடு தெரியலாம்.

பல டைனர்கள் மதியச் சாப்பாட்டோடு மூடிவிடும், காலையிலேயே போங்கள். கவுண்டரில் உட்கார்ந்து சாப்பிடுங்கள், படம் எடுக்கக் கேட்டுக்கொள்ளுங்கள், பில்லில் 15 முதல் 20 சதவீதம் டிப்ஸ் வையுங்கள். நான்கு பக்கமும் நேர்க்கோணத்தில் ஒவ்வொரு படம், தகடு, தரை ஓடு, ஸ்டூல் கால் ஆகியவற்றைப் பக்கத்தில் ஓர் அடிக்கோல் வைத்துக் கிட்டத்தில் ஒவ்வொரு படம் எடுங்கள். பின்னால் பழுது பார்ப்பவருக்கு இவைதான் ஆதாரம். நியான் பலகையைச் சூரியன் மறைந்த 20, 30 நிமிடத்தில் எடுங்கள். அமெரிக்க மின்சாரம் 60 ஹெர்ட்ஸ். பழைய டிரான்ஸ்ஃபார்மரில் ஓடும் குழாய் நொடிக்கு 120 முறை துடிக்கும். ஷட்டர் 1/60 நொடியோ அதைவிட மெதுவாகவோ இருந்தால்தான் எழுத்துகள் ஒரே சீராக விழும்.

சாலையோர விநோதங்களையும் பார்க்க ரூட் 66 என்ற பழைய சாலையில் போகிறவர்கள் மேப்பில் நெடுஞ்சாலைகளைத் தவிர்க்கும் வசதியைப் போட்டுக்கொள்ளுங்கள், இல்லையென்றால் மேப் உங்களை இன்டர்ஸ்டேட் என்ற பெரிய விரைவுச்சாலையில் ஏற்றிவிடும். ஓக்லஹோமாவின் மயாமி ஊருக்குத் தெற்கே 1922-ல் போட்ட ஒன்பதடி அகலச் சாலை இன்னும் இருக்கிறது. மழைக்குப் பிறகு அதில் காரை இறக்காதீர்கள்.

இனிப் பழுது. எதையும் தொடுவதற்கு முன் கூரை ஒழுகலை அடைக்க வேண்டும். வூஸ்டர் வண்டிகளின் எலும்புக்கூடு மரம். மேலே கசிகிற தண்ணீர் தகடுகளுக்குப் பின்னால் இறங்கி அடிக்கட்டையில் தேங்கும்; வெளியே பளபளவென்றிருக்கும்போதே உள்ளே மரம் உளுத்துப்போயிருக்கும். மெல்லிய ஸ்க்ரூடிரைவரால் அடிக்கட்டையைக் குத்திப் பாருங்கள். எளிதாக இறங்கினால் அந்த இடத்தை மட்டும் வெட்டி, அதே வகை மரத்தை ஒட்டவைக்க வேண்டும்.

எனாமல் என்பது இரும்புத் தகட்டில் சுமார் 800 டிகிரி செல்சியஸில் உருக்கி ஒட்டிய கண்ணாடி. மணலைப் பீய்ச்சித் தேய்த்தால் (சாண்ட்பிளாஸ்ட்) மினுமினுப்பு போய்விடும், திரும்ப வராது. மிதமான சோப்புநீர், மெல்லிய துணி, அவ்வளவுதான். ஸ்க்ரூவை இறுக்கி முடுக்கினால் ஓட்டையைச் சுற்றி எனாமல் சில்லு சில்லாகத் தெறிக்கும், அங்கிருந்து துரு உள்ளே ஊரும். நைலான் வாஷர் போட்டு, கையால் முடுக்குகிற அளவுக்கு முடுக்கினால் போதும். ஏற்கெனவே தெறித்த இடத்தில் துருவை மட்டும் சுரண்டி, பிரைமர் அடித்து, எபாக்சி பட்டி வைத்து, அந்த இடத்தில் மட்டும் அதே நிறப் பெயின்ட்டைத் தடவுங்கள். மொத்தத் தகட்டுக்கும் பெயின்ட் அடிப்பது பெரிய பிழை. அடியில் சுட்ட எழுத்துகள் மறைந்துபோகும். எவர்சில்வர் தகட்டுக்கு இரும்பு நாரும் பிளீச்சும் ஆகவே ஆகாது: நாரின் துணுக்குகள் ஒட்டிக்கொண்டு துருப்பிடிக்கும், பிளீச்சின் குளோரைடு பொத்தல் போடும்.

நியான் டிரான்ஸ்ஃபார்மர் 15,000 வோல்ட் வரை தரும். அதன் வயரை உரிமம் பெற்ற ஆள் மட்டுமே தொட வேண்டும். ஆனால் கோளாறு எது என்று தரையில் நின்றே சொல்லலாம். குழாய் முனை கறுத்திருந்தால் எலக்ட்ரோடு தேய்ந்துவிட்டது. நீலக் குழாய் குளிர்காலத்தில் மட்டும் மங்கினால் அது பழுதே அல்ல. உள்ளே இருக்கும் பாதரசம் குளிரில் போதிய ஆவியாவதில்லை. எழுத்துக்கும் எழுத்துக்கும் இடையே வெளிச்சம் ஓடினால் கறுப்பு மறைப்புப் பெயின்ட் உரிந்திருக்கிறது. மழை பெய்தால் மட்டும் அணைந்தால், பெட்டியின் அடியிலுள்ள வடிகால் துளைகளைக் குருவிக்கூடோ சருகோ அடைத்திருக்கும். குழாயைக் கழற்றுமுன் பெரிய தாளில் அசல் அளவில் வரைந்து, துண்டுகளுக்கு எண் போடுங்கள். விட்டத்தை மில்லிமீட்டரில் குறியுங்கள். இல்லாவிட்டால் புது எழுத்து பழைய எழுத்தோடு சேராது. எல்.இ.டி.க்கு மாற்றச் சொல்பவர்களுக்கு இணங்காதீர்கள். கண்ணாடிக் குழாய் எல்லாப் பக்கமும் வெளிச்சம் வீசி, பின்னிருக்கும் எனாமலையும் ஒளிர வைக்கும். எல்.இ.டி. பட்டையில் அது நடப்பதில்லை.

தேசியப் பதிவேட்டில் ஏறிவிட்டால் யாரும் இடிக்க முடியாது என்று பலர் நம்புகிறார்கள். உரிமையாளர் தன் பணத்தில் இடித்தால் பதிவேடு தடுக்காது. தடுப்பது உள்ளூர் நகராட்சியின் பாதுகாப்புச் சட்டம்தான், அதனால் முதலில் அங்கே மனுக் கொடுங்கள். பதிவேட்டால் வரும் பலன் வேறு: வருமானம் தரும் கட்டடமாக இருந்து, பழுது விதிப்படி நடந்தால், செலவில் 20 சதவீதத்தை மத்திய அரசுக்குக் கட்டும் வருமான வரியிலேயே கழித்துக்கொள்ளலாம். டைனரை வேறு இடத்துக்கு நகர்த்தும் எண்ணம் இருந்தால், லாரிக்கு முன்பணம் கொடுப்பதற்கு முன்பே மாநில வரலாற்றுப் பாதுகாப்பு அலுவலகத்தில் பேசிவிடுங்கள்.