மழைமானியோடு ஒரு மாதம்: 6, 7, 8-ஆம் வகுப்பு ஆங்கில ஆசிரியர்களுக்கு ஒரு செய்முறை

ஏழாம் வகுப்புப் பிள்ளைக்குப் பட்டை விளக்கப்படம் வரையத் தெரியும். தென்மேற்குப் பருவமழை எப்போது, வடகிழக்குப் பருவமழை எப்போது என்று கேட்டால் பட்டென்று சொல்லும். அதே படத்தைக் காட்டி, "இங்கிலீஷ்ல ஒரு வரி சொல்லு" என்றால் மட்டும் தலை குனிந்துவிடும். தெரியாததால் வரும் மௌனம் இல்லை இது. மற்ற பாடங்களில் கற்றதை ஆங்கிலத்தில் சொல்லிப் பார்க்கும் வேலையை ஆங்கிலப் பாடவேளையில் நாம் அதற்குக் கொடுத்ததே இல்லை.

அண்மையில் பி.எட். முடித்தவர்கள் 'லாங்குவேஜ் அக்ராஸ் த கரிகுலம்' என்று ஒரு தாள் எழுதியிருப்பீர்கள். தேர்வு முடிந்ததும் மறந்தும் இருப்பீர்கள். 1975-இல் இங்கிலாந்தில் வெளியான புல்லக் குழு அறிக்கை, மொழி வளர்ப்பது எல்லாப் பாட ஆசிரியர்களின் பொறுப்பு என்றது. 1994-இல் டேவிட் மார்ஷ் 'கிளில்' என்ற பெயரைக் கொண்டுவந்தார். அறிவியலையோ வரலாற்றையோ வேற்றுமொழியில் நடத்தி, பாடத்தையும் மொழியையும் சேர்த்தே வளர்ப்பது அது. நான் சொல்லப்போவது அதன் மறுபக்கம். அறிவியல் வகுப்பு அறிவியலாகவே நடக்கட்டும். நாம் நமது ஆங்கிலப் பாடவேளைக்குள் அறிவியலையும் கணக்கையும் சமூக அறிவியலையும் வேலைக்குக் கூப்பிடுவோம்.

எடுத்துக்காட்டுக்கு மழை. அக்டோபரில் தொடங்கினால் வடகிழக்குப் பருவமழை கைகொடுக்கும். தேவையானவை ஒரு இரண்டு லிட்டர் குளிர்பான பாட்டில், ஒரு ஸ்கேல், ஒரு சார்ட் அட்டை. ஒரு மாதத்துக்குள் ஆறேழு பாடவேளைகளும், மற்ற நாட்களில் வகுப்பின் தொடக்கத்தில் இரண்டு நிமிடமும் போதும்.

படி 1: நடத்தி முடித்த பாடத்தை எடுங்கள்

இந்த முறையில் புதியவர்கள் சறுக்கும் இடம் இதுதான் என்பதால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அடுத்த வாரம் அறிவியலில் வரப்போகும் பாடத்தை ஆங்கில வகுப்பில் முன்கூட்டியே தொடாதீர்கள். கருத்தும் புதிது, மொழியும் புதிது என்றால் பிள்ளை இரண்டையும் கைவிட்டுவிடும். போன மாதம் முடிந்த பாடமாக இருந்தால் கருத்து ஏற்கெனவே தலைக்குள் இருக்கும். உழைப்பு முழுவதும் மொழிக்குப் போகும்.

தமிழ்வழி வகுப்பில் மழைமானி, சராசரி, ஆவியாதல் எல்லாம் தெரிந்த சொற்கள். ரெயின் கேஜ், ஆவரேஜ், எவாப்பரேஷன் என்ற பெயர்களைத்தான் சேர்க்கிறோம். ஆங்கிலவழி வகுப்பில் நிலைமை பல நேரம் நேர்மாறு: எவாப்பரேஷன் என்ற சொல் மனப்பாடமாக வரும், ஈரத் துணி ஏன் காய்கிறது என்றால் பதில் வராது. அங்கே முதல் ஐந்து நிமிடம் தமிழிலேயே பேச விடுங்கள். ஆங்கில வகுப்பில் தமிழா என்று யாராவது கேட்டால், ஆமாம் என்று சொல்லிவிட்டு வேலையைத் தொடருங்கள்.

படி 2: ஸ்டாஃப் ரூமில் பத்து நிமிடம்

கணக்கு ஆசிரியரிடம்: பட்டை விளக்கப்படம் முடிந்ததா, அளவுத்திட்டம் எடுக்கத் தெரியுமா, சராசரி வந்துவிட்டதா? அறிவியல் ஆசிரியரிடம்: அளவுச்சாடியில் நீர்மட்டத்தைக் கண்ணுக்கு நேராக வைத்துப் பார்க்கப் பழகியிருக்கிறார்களா? சமூக அறிவியலில் பருவக்காற்று முடிந்ததா? அவர்கள் வகுப்பில் சொல்லும் அதே கலைச்சொற்களைக் குறித்துக்கொள்ளுங்கள். சிறிய நடுநிலைப் பள்ளி என்றால் அந்த மூன்று பேரில் ஒருவர் நீங்களாகவே இருக்கலாம், வேலை மிச்சம்.

படி 3: ஒரு பாடவேளைக்கு ஒரே ஒரு மொழி இலக்கு

பாடக்குறிப்பின் தலையில் எழுதிவையுங்கள். கருவி செய்யும் நாள் கட்டளை வாக்கியம். தினசரிப் பதிவுக்கு இறந்த காலம். வரைபடத்துக்கு ஒப்பீடு. கூரைக் கணக்குக்கு 'இஃப்' வாக்கியம், இது எட்டாம் வகுப்புக்கு மட்டும். பேட்டிக்குக் கேள்வி வாக்கியம். இலக்கு எழுதாமல் உள்ளே போனால் நாற்பது நிமிடமும் நல்ல அறிவியல் வகுப்பு நடக்கும், ஆங்கிலம் நடந்திருக்காது. ஒப்பீட்டு நாளில் எழுத்துப்பிழை வந்தால் கண்டுகொள்ளாதீர்கள். அதற்கு வேறு நாள் இருக்கிறது.

படி 4: மழைமானி செய்வது

முதலில் கருவியைச் சரியாகச் செய்யத் தெரிந்துகொள்ளுங்கள்.

பாட்டிலின் மேல்பகுதி, கழுத்திலிருந்து சரிந்து வந்து நேராகும் இடத்துக்குச் சற்றுக் கீழே வெட்ட வேண்டும். வெட்டுவது ஆசிரியர் வேலை. பிளேடைப் பிள்ளைகளிடம் தர வேண்டாம். வெட்டிய பகுதியின் மூடியை எடுத்துவிட்டு, தலைகீழாக வாய்க்குள் பொருத்தினால் அதுவே புனல். புனல் வாயின் அகலமும் பாட்டிலின் அகலமும் ஒன்றாக இருக்க வேண்டும். அகலமான வேறு புனல் வைத்தால் அதிக மழை பெய்ததாகக் காட்டும். ஏன் என்று பிள்ளைகளைக் கேளுங்கள், கணக்கில் கெட்டியான பிள்ளை பிடித்துவிடும்.

குளிர்பான பாட்டிலின் அடி மேடும் பள்ளமுமாக இருக்கும். கூழாங்கல் போட்டு, பாட்டில் நேராகத் தொடங்கும் இடம் வரை நீர் ஊற்றி, அந்த மட்டத்தைச் சுழியம் என்று குறிக்கலாம். ஆனால் தேங்கிய நீர் டெங்கு கொசுவுக்கு வீடு. வாரம் ஒருமுறையாவது கொட்டி மாற்ற வேண்டும். கொஞ்சம் சிமென்ட் கலவை கிடைத்தால் அடியில் ஊற்றிச் சமப்படுத்திவிடுங்கள், இந்தத் தொல்லையே இல்லை. ஸ்கேலின் சுழியம் அந்த மட்டத்தில் இருக்கும்படி வெளிப்புறம் ஒட்டுங்கள். வெட்டவெளியில், மரத்துக்கும் சுவருக்கும் அவற்றின் உயரத்தைப் போல இரு மடங்கு தள்ளி வைப்பது நல்லது. காற்றில் சாயாமல் இருக்க மணல் நிரப்பிய வாளிக்குள் செருகுங்கள்.

இனி ஆங்கிலம். இந்தச் செயல்களைச் சிறு வாக்கியங்களாகத் துண்டுச்சீட்டில் எழுதுங்கள்: "புட் த ஃபனல் இன் த பாட்டில்", "ஃபில் வாட்டர் அப் டு ஸீரோ", "ஸ்டிக் த ஸ்கேல் ஆன் த பாட்டில்". சீட்டுகளைக் கலைத்து, குழுவாக வரிசைப்படுத்தச் சொல்லுங்கள். பிறகு இருவர் இருவராக வரட்டும். ஒருவர் கையைக் கட்டிக்கொண்டு படிப்பார். மற்றவர் சீட்டைப் பார்க்காமல், கேட்டதை மட்டும் செய்வார். தப்பாகச் செய்தால் படிப்பவர் சொல்லால்தான் திருத்த வேண்டும், கைகாட்டக் கூடாது. "நோ, நோ, டர்ன் இட்!" என்று வகுப்பே கத்தும். கத்தட்டும். பக்கத்து வகுப்பு ஆசிரியரிடம் முன்பே சொல்லிவைத்தால் போதும்.

படி 5: தினம் இரண்டு நிமிடம்

இந்திய வானிலை ஆய்வுத் துறை காலை 8.30 மணியோடு முடியும் 24 மணி நேரத்துக்கு மழையைக் கணக்கிடுகிறது. நமது பிள்ளைகள் பள்ளிக்குள் நுழைந்ததும் அளவைப் பார்த்துக் குறித்துக்கொண்டு, நீரைச் சுழியத்துக்குக் கொண்டுவர வேண்டும். ஆங்கில வகுப்பு தொடங்கியதும் ஒருவர் எழுந்து சொல்வார்: "இட் ரெயின்ட் ட்வெல்வ் மில்லிமீட்டர்ஸ்." மழை இல்லாத நாளில் "இட் டிட் நாட் ரெயின்." எதிர்மறை வாக்கியத்துக்கு இதைவிட இயல்பான பயிற்சி எனக்குத் தெரியவில்லை. வருகைப் பதிவேட்டு வரிசைப்படி ஆளை மாற்றுங்கள். இல்லாவிட்டால் முதல் பெஞ்சின் அதே இருவர் மாதம் முழுவதும் பேசுவார்கள்.

திங்கட்கிழமை அளவில் விடுமுறை நாட்களின் மழையும் சேர்ந்திருக்கும். அதை ஒருநாள் மழையாக எழுதக் கூடாது என்பது அறிவியல். அதற்கு "ஃப்ரம் ஃப்ரைடே டு மண்டே" என்று எழுதுவது ஆங்கிலம்.

தொலைக்காட்சியில் கேட்கும் சொற்களுக்கும் இங்கே அளவு கிடைக்கும். ஆய்வுத் துறைக் கணக்கில் ஒரு நாளில் 2.5 முதல் 15.5 மி.மீ. வரை லேசான மழை, 64.4 வரை மிதமான மழை, 64.5 முதல் 115.5 வரை கனமழை, 204.4 வரை மிகக் கனமழை, அதற்கு மேல் அதி கனமழை. ஆங்கிலத்தில் லைட், மாடரேட், ஹெவி, வெரி ஹெவி, எக்ஸ்ட்ரீம்லி ஹெவி. சார்ட்டில் எழுதி மாட்டிவிட்டால் தினசரி வாக்கியத்தோடு இன்னொரு வாக்கியம் தானாகச் சேரும்.

படி 6: வரைபடம், பிறகு கூரை

மூன்று வாரம் ஆனதும் சார்ட்டில் பட்டை விளக்கப்படம். படம் வரைவதை வீட்டுப்பாடமாகவோ கணக்கு வகுப்பிலோ முடித்துவிடுங்கள். ஆங்கிலப் பாடவேளை படத்தைப் பற்றிப் பேசுவதற்கு. ஒவ்வொருவரும் மூன்று வாக்கியம் எழுத வேண்டும், அதில் ஒன்று பொய்யாக இருக்க வேண்டும். அடுத்தவர் படத்தைப் பார்த்துப் பொய்யைக் கண்டுபிடிக்க வேண்டும். 'மோர் தேன்', 'லெஸ் தேன்', 'த வெட்டஸ்ட் டே' எல்லாம் இந்த விளையாட்டிலேயே வந்துவிடும்.

கூரைக் கணக்கு பிள்ளைகளுக்கு மிகவும் பிடிக்கும். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் அது சரியாக ஒரு லிட்டர். வகுப்பறைக் கூரை 10 மீட்டர் நீளம், 8 மீட்டர் அகலம் என்றால் 80 சதுர மீட்டர். 12 மி.மீ. மழைக்கு 960 லிட்டர். பதினைந்து லிட்டர் குடத்தில் 64 குடம். தண்ணீர் லாரிக்காகக் குடத்தோடு நின்ற பிள்ளைக்கு அந்த 64 என்ன என்று விளக்க வேண்டியதில்லை. "இஃப் இட் ரெயின்ஸ் ட்வெல்வ் மில்லிமீட்டர்ஸ், அவர் ரூஃப் கெட்ஸ்..." என்று தொடங்கிவைத்து, எண்ணை மாற்றி மாற்றி முடிக்கச் சொல்லுங்கள். தமிழ்நாட்டில் 2003-இல் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயமாக்கப்பட்டது. பள்ளியின் குழாய் எங்கே போய் முடிகிறது என்று பார்த்துவரச் சொன்னால் அடுத்த வகுப்புக்கு நாலு வாக்கியம் தயார்.

ஒரு கேள்வியைக் கடைசிப் பத்து நிமிடத்துக்கு வைத்திருங்கள். 2023 டிசம்பர் 18 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் தூத்துக்குடி மாவட்டம் காயல்பட்டினத்தில் 95 செ.மீ. மழை பதிவானது. நமது பாட்டிலில் அதை அளந்திருக்க முடியுமா? முதலில் செ.மீ.யை மி.மீ. ஆக்க வேண்டும், செய்தித்தாள் ஒன்றில் சொல்லும், நாம் மற்றொன்றில் எழுதுகிறோம். பாட்டிலின் நேரான பகுதி 20 செ.மீ. என்று வைத்துக்கொண்டால் நான்கு முறை நிரம்பி, ஐந்தாவது முறையும் முக்கால்வாசி வந்திருக்கும். நள்ளிரவில் மழைக்குள் எழுந்து யார் போய்க் கொட்டுவது என்று ஒரு குரல் வரும். அதையும் ஆங்கிலத்தில் சொல்ல வையுங்கள்.

படி 7: வீட்டுப் பெரியவர்களிடம் பேட்டி

கேள்விகளை வகுப்பில் ஆங்கிலத்தில் தயாரிக்க வேண்டும்: "வென் வாஸ் த பிக்கஸ்ட் ஃப்ளட்?", "வேர் டிட் யூ ஸ்டே?" வீட்டில் தமிழில் கேட்டு, பதிலைத் தமிழில் குறித்துவந்து, வகுப்பில் நாலைந்து வரி ஆங்கிலத்தில் எழுதுவார்கள். கடலூரில் 2011 தானே புயல், சென்னையில் 2015 வெள்ளம், டெல்டாவில் 2018 கஜா என்று ஊருக்கு ஊர் கதை மாறும். உழவர் வீட்டுத் தாத்தா "அன்னிக்கு ரெண்டு உழவு மழை" என்பார். மண் உழும் அளவுக்கு நனைவதை வைத்து மழையைச் சொல்லும் நாட்டு வழக்கு அது. அதை மில்லிமீட்டராக மாற்ற விடாதீர்கள். 'உழவு' என்றே எழுதி, அது என்ன என்று அடுத்த வாக்கியத்தில் விளக்கச் சொல்லுங்கள். புயலில் வீட்டையோ ஆளையோ இழந்த குடும்பம் வகுப்பில் இருக்கலாம். அந்தப் பிள்ளைக்கு வேறு கேள்வி கொடுங்கள், காரணம் கேட்க வேண்டாம்.

மதிப்பெண்

மதிப்பெண் பட்டியலில் இரண்டு பத்திகள் போதும், ஒன்று பொருளுக்கு, மற்றது மொழிக்கு. "டியூஸ்டே ரெயின் மோர் மண்டே" என்று ஒரு பிள்ளை எழுதினால் படத்தைச் சரியாகப் படித்திருக்கிறது, பொருளுக்கு முழு மதிப்பெண். 'தேன்' விட்டதற்கு மொழிப் பத்தியில் குறையட்டும். அழகான ஆங்கிலத்தில் தவறான அளவை எழுதிய பிள்ளைக்கு இதுவே மாறி வரும். இரண்டையும் கலந்து ஒரே எண்ணாகப் போட்டால் யாருக்கு எதில் உதவி வேண்டும் என்று நமக்கே தெரியாது. வளரறி மதிப்பீட்டின் (அ) பகுதிச் செயல்பாடுகளில் இதைச் சேர்த்துவிடலாம். தனி வேலை இல்லை.

மழை பெய்யாவிட்டால்

ஜூனிலோ ஜனவரியிலோ தொடங்குகிறவர்களுக்கு, அல்லது பாட்டில் மாதம் முழுக்கக் காய்ந்தே கிடக்கும் ஊர்களுக்கு, மேட்டூர் அணை இருக்கிறது. முழு நீர்மட்டம் 120 அடி, கொள்ளளவு 93.47 டி.எம்.சி. (ஆயிரம் மில்லியன் கன அடி). நீர்மட்டம், நீர்வரத்து, வெளியேற்றம் ஆகிய மூன்று எண்களும் செய்தித்தாள்களில் வந்துகொண்டே இருக்கும். தினம் ஒருவர் வெட்டி ஒட்டி, "த வாட்டர் லெவல் ரோஸ்", "த வாட்டர் லெவல் ஃபெல்" என்று ஒரு வரி எழுதினால் அதே வரைபடம், அதே ஒப்பீடு, அதே பொய் விளையாட்டு எல்லாம் நடக்கும். டெல்டா மாவட்டம் என்றால் பேட்டிக்கும் கேள்வி தயார்: பாசனத்துக்கு வழக்கமாகத் திறக்கும் ஜூன் 12-இல் அணை திறக்காத ஆண்டுகளில் வயலில் என்ன நடந்தது?