காசுக்கு அடியில் ஒளிந்திருக்கும் காசைப் படிப்பது எப்படி?

தென் இத்தாலியில் கிரேக்கர்கள் குடியேறிய நகரங்களில் ஒன்று மெட்டபொன்டம். அதன் வெள்ளிக் காசில் ஒரு பார்லிக் கதிர் நிமிர்ந்து நிற்கும். கி.மு. 5-ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் அடித்த சில காசுகளைச் சற்றுத் திருப்பிப் பார்த்தால், கதிருக்குப் பின்னாலிருந்து ஒரு சிறகின் வளைவு எட்டிப் பார்க்கும். அது கொரிந்த் நகரத்துச் சிறகுக் குதிரையான பெகாசஸின் சிறகு. கொரிந்திலிருந்து வந்த காசை உருக்காமல், அதன் மேலேயே தங்கள் அச்சை வைத்து அடித்துவிட்டார்கள். இதைத்தான் மேலடி என்கிறேன்.

ஏன் அப்படி? புதுக் காசு செய்ய வெள்ளியை உருக்கி, எடை சரிபார்த்து, வில்லையாக வார்க்க வேண்டும். பிறகு அதைச் சூடாக்கி, இரண்டு அச்சுகளுக்கு நடுவில் வைத்துச் சுத்தியலால் அடிக்க வேண்டும். ஏறக்குறைய அதே எடையுள்ள வெளியூர்க் காசு கையில் இருந்தால் முதல் பாதி வேலை மிச்சம். கொரிந்த் காசு சுமார் 8.6 கிராம், மெட்டபொன்டம் காசு சுமார் 8 கிராம். கிட்டத்தட்டப் பொருந்திவிடுகிறது.

இப்படிப்பட்ட காசைப் படிக்க நாணயவியல் பட்டம் தேவையில்லை. நகைக்கடைக்காரர்கள் கண்ணில் வைத்துப் பார்க்கும் பத்து மடங்கு லென்ஸ் ஒன்றும், மேசை விளக்கு ஒன்றும் போதும். காசு கையில் இல்லையென்றால், பிரிட்டிஷ் அருங்காட்சியகமும் அமெரிக்க நாணயவியல் கழகமும் இணையத்தில் வைத்திருக்கும் படங்களில் பழகலாம்.

முதல் படி: களிமண்ணில் செய்து பாருங்கள்

இதைத் தயவுசெய்து தாண்டிப் போகாதீர்கள். குழந்தைகள் விளையாடும் களிமண்ணை உருட்டித் தட்டையாக்கி, ஒரு ரூபாய்க் காசை அழுத்தி எடுங்கள். அதே இடத்தில் ஐந்து ரூபாய்க் காசைச் சற்றுத் திருப்பி வைத்து அழுத்துங்கள். இப்போது பழைய பதிவு எங்கே பிழைத்திருக்கிறது என்று தேடுங்கள். இரண்டாவது காசின் மேடான பகுதிகள் ஆழமாக இறங்கிய இடங்களில் எதுவும் மிஞ்சியிருக்காது. களிமண் மேடாக நிற்கும் இடங்களிலும் ஓரங்களிலும்தான் பழைய கோடுகள் கிடக்கும்.

வெள்ளியிலும் நடப்பது இதேதான். அச்சின் சமதளம் முழு வேகத்தில் மோதுவதால், காசின் வெற்றுப் பரப்பில் இருந்த பழைய உருவம் நசுங்கிவிடும். அச்சில் குடைந்திருக்கும் பள்ளத்துக்குள் உலோகம் அடிவரை ஏறாமல் நின்றால், அங்கே பழைய தோல் அப்படியே தங்கிவிடும். ஆகவே புதிய உருவத்தின் உச்சியையும் காசின் விளிம்பையும் முதலில் பாருங்கள்.

இரண்டாம் படி: ஒளியைச் சாய்த்து அடியுங்கள்

நேர் மேலிருந்து விழும் வெளிச்சம் எல்லாவற்றையும் மழுப்பிவிடும். விளக்கைக் காசின் மட்டத்துக்குத் தாழ்த்தி, ஒரு பக்கமாக ஒளி விழச் செய்யுங்கள். காசைக் கடிகார முள்போல மெதுவாகச் சுற்றுங்கள். ஒரு கோணத்தில் இல்லாத கோடு அடுத்த கோணத்தில் நிழலோடு எழுந்து வரும். நான்கு திசையிலிருந்தும் ஒளி விழும்படி நான்கு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாம் படி: இரட்டை அடியா, மேலடியா?

புதியவர்கள் தடுமாறும் இடம் இது. முதல் அடிக்கும் இரண்டாம் அடிக்கும் நடுவில் காசு நகர்ந்தால், அதே உருவம் சற்று விலகி இரண்டு முறை பதியும். அது வெறும் இரட்டை அடி. கூடுதலாகத் தெரியும் கோடு அந்தக் காசின் சொந்த உருவத்தில் எங்காவது பொருந்துகிறதா என்று பாருங்கள். எங்கும் பொருந்தாவிட்டால் மட்டும் அடியில் வேறு காசு இருப்பதாக நினைக்கலாம்.

நான்காம் படி: அடிக்காசின் பெயரைக் கண்டுபிடியுங்கள்

பழைய காசு எந்தத் திசையில் கிடந்தது என்று அடித்தவர் கவலைப்படவில்லை. தலைகீழாக இருக்கலாம், முன்பின் மாறியும் இருக்கலாம். படத்தை முழு வட்டம் சுற்றிப் பார்ப்பது அதனால்தான். முழு உருவத்தைத் தேடாதீர்கள், துண்டைத் தேடுங்கள். மெட்டபொன்டம் காசென்றால் என் பட்டியல் இது: சிறகு தெரிந்தால் கொரிந்த், கழுகின் இறகோ நண்டின் கொடுக்கோ தெரிந்தால் சிசிலியின் அக்ரகாஸ். கிரீட் தீவின் கோர்டின், ஃபைஸ்டோஸ் காசுகளில் வேறு பட்டியல் வேண்டும். அங்கே வட ஆப்பிரிக்காவின் சைரீன் நகரத்துக் காசுகளின் மேல் அடித்திருக்கிறார்கள். கோர்டினின் காசில் மரத்தில் அமர்ந்திருக்கும் கிரேக்கப் புராண இளவரசி யூரோப்பாவுக்கு அடியில், ஆட்டுக்கடாக் கொம்புள்ள கடவுள் சீயஸ் அம்மோனின் தலையையோ சில்ஃபியம் செடியின் தண்டையோ தேடுங்கள். கிரேக்கத் தீவான ஏஜினாவின் ஆமைக் காசுகளும் கிரீட்டில் இப்படி மாட்டியிருக்கின்றன.

கண் பழக நம் நாட்டிலேயே எளிய பாடம் உண்டு. 1906-இல் நாசிக் பக்கம் ஜோகல்தம்பியில் 13,000-க்கும் மேற்பட்ட வெள்ளிக் காசுகள் கொண்ட புதையல் கிடைத்தது. எல்லாம் சத்ரப மன்னன் நகபானனுடையவை. அவற்றில் 9,000-க்கும் மேற்பட்டவற்றின் மேல் சாதவாகன மன்னன் கௌதமிபுத்திர சாதகர்ணி தன் குறிகளை அடித்திருக்கிறான். நகபானனின் முகமும், அதைச் சுற்றியுள்ள கிரேக்க எழுத்துகளின் மிச்சமும் பல காசுகளில் நன்றாகவே தெரியும்.

ஐந்தாம் படி: எதைச் சொல்லலாம், எதைச் சொல்லக்கூடாது

மேலே இருப்பது அடியில் இருப்பதைவிடப் பிந்தியது. இவ்வளவு உறுதியான சாட்சி பழங்கால வரலாற்றில் அரிது. பிரெஞ்சு நாணயவியலர் ஜார்ஜ் லெ ரிடே 1966-இல் கிரீட் காசுகளைக் கால வரிசைப்படுத்தியபோது, இந்த மேலடிகள்தான் அவருக்குப் பெரிய துணை. ஆனால் எத்தனை ஆண்டு பிந்தியது என்பதை மேலடி மட்டும் சொல்லாது. அடிக்காசு தேய்ந்திருந்தால் நெடுங்காலம் கைமாறியிருக்கலாம், கூர்மையாக இருந்தால் இடைவெளி குறைவாக இருக்கலாம். அந்த 'லாம்' உங்கள் குறிப்பிலும் இருக்கட்டும்.

கடைசியாக ஒன்று. கோடு தெளிவாகத் தெரியவில்லை என்று காசைப் புளி போட்டுத் தேய்த்துவிடாதீர்கள். நீங்கள் தேடும் சிறகு தலைமுடியளவு மேடுதான். ஒரு தேய்ப்பில் போய்விடும்.